டெக்ஸாமெத்தசோன் ரிவ்யூ: மாத்திரை ஒண்ணு, ரேட்டிங் மூணு

கீழ வரைக்கும் படிக்க பொறுமை இல்லாதவங்களுக்காக ரேட்டிங்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். கோவிட் வந்து நுரையீரல் கெட்டுப்போய் வென்டிலேட்டர்ல இருக்கிறவங்களுக்கு டெக்ஸாமெத்தசோன்: அஞ்சுக்கு அஞ்சு. வென்டிலேட்டர் இல்ல, ஆனா ஆக்சிஜன் வச்சாத்தான் ஆகும்னு இருக்கிறவங்களுக்கு: அஞ்சுக்கு நாலு. ஆக்சிஜன் லெவல் நல்லா இருக்கு, வெறும் காய்ச்சல் இருமலோட வீட்டுல படுத்திருக்காங்கன்னா: பூஜ்யம். மைனஸ் போட வழி இருந்தா அதையும் போட்டிருப்பேன். மருந்து அதேதான், டோஸ் அதேதான், வைரஸும் அதேதான், யாருக்கு எப்போ போகுதுங்கிறதை வச்சு மட்டும் மார்க் இப்படி மேலயும் கீழயும் ஆடுது, இந்த மாதிரி ஒரு பொருளை நான் ரிவ்யூ பண்ணதே இல்ல.

நான் மருந்து பக்கம் வேலை பாக்குற ஆளு, டாக்டர் கிடையாது. அதனால இதைப் படிச்சிட்டு யாரும் ஸ்ட்ரிப் வாங்கி டிராயர்ல போட்டு வைக்க கிளம்பிடாதீங்க, அப்படி வாங்கி வைக்கிறவங்க பண்ண கூத்தைப் பத்தியும் கீழ எழுதியிருக்கேன்.

முதல்ல இது என்ன சாமான்னு பாத்துடலாம். நம்ம ரெண்டு கிட்னிக்கும் மேல தொப்பி மாதிரி அட்ரினல்னு ஒரு சுரப்பி உக்காந்திருக்கு, அது கார்டிசால்னு ஒரு ஹார்மோனை தினமும் விடுது. உடம்புக்கு ஏதாவது நெருக்கடி வந்தா அதிகமா விடும், வீக்கம் அளவுக்கு மீறாம அடக்கி வைக்கிறதும் அதோட வேலைகள்ல ஒண்ணு. அந்த சுரப்பியில இருந்து வர்ற ஹார்மோன்களைப் பிரிச்சு எடுத்து அதோட கெமிஸ்ட்ரியைக் கண்டுபிடிச்சதுக்கு கெண்டல், ரைக்ஸ்டைன், அதை மூட்டுவாதத்துக்கு குடுத்துக் காட்டினதுக்கு ஹென்ச், இவங்க மூணு பேருக்கும் 1950-ல நோபல் பரிசு. அந்த ஹார்மோன்கள்ல ஒண்ணான கார்டிசோனை முதல் நோயாளிக்குப் போட்டது 1948-ல, அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல. அதுக்கப்புறம் கெமிஸ்ட்டுங்க சும்மா இருப்பாங்களா, அந்த மூலக்கூறுல இங்க ஒரு ஃப்ளோரின், அங்க ஒரு மெத்தில், ஒரு இடத்துல ஒரு இரட்டைப் பிணைப்புன்னு மாத்தி மாத்திப் பாத்து 1950-கள் முடியுறதுக்குள்ள டெக்ஸாமெத்தசோனுக்கு வந்து சேந்துட்டாங்க.

இந்த மாத்தினதுல கிடைச்ச லாபம் ரெண்டு. ஒண்ணு பவர். நம்ம உடம்புல இருக்கிற கார்டிசாலோட (மருந்தா வரும்போது அதுக்குப் பேரு ஹைட்ரோகார்டிசோன்) ஒப்பிட்டா கிட்டத்தட்ட 25 மடங்குக்கு மேல வீரியம், 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் பண்ற வேலையை இது முக்கா மில்லிகிராம்ல முடிச்சிடும், அதோட வேலை உடம்புக்குள்ள ஒன்றரை நாளைக்கு மேல நிக்கும், அதனால ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். இன்னொண்ணு உப்பு. ஹைட்ரோகார்டிசோன் அதிகமா போனா கிட்னி உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கும், டெக்ஸாவுக்கு அந்த குணம் அநேகமா இல்லவே இல்ல. ஏற்கனவே தண்ணி கோத்துக்கிட்ட நுரையீரலுக்கு இது எவ்வளவு பெரிய ப்ளஸ்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

பேக்கிங் பத்தி சொல்லணும்னா சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, சின்ன மாத்திரை, இல்லாட்டி தண்ணி மாதிரி தெளிவா இருக்கிற ஊசி மருந்து, அவ்வளவுதான். காப்புரிமை எல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு, எத்தனையோ கம்பெனிங்க பண்றாங்க, உலக சுகாதார நிறுவனம் 1977-ல முதல் முதலா அத்தியாவசிய மருந்துப் பட்டியல் போட்டப்பவே இது அதுல இருந்துச்சு, ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்கிற தொல்லை கூட இல்ல. மாத்திரையா குடுத்தாலும் ஊசியா குடுத்தாலும் பலன்ல பெரிய வித்தியாசம் கிடையாது, முழுங்க முடிஞ்சவங்களுக்கு மாத்திரையே தாராளமா போதும். ஒரே ஒரு குறை லேபிள்ல. ஊசியில டெக்ஸாமெத்தசோன் பாஸ்பேட் 4 மில்லிகிராம்னு போட்டிருந்தா அதுல உண்மையான டெக்ஸாமெத்தசோன் சுமார் 3.3 மில்லிகிராம்தான், சில லேபிள் பாஸ்பேட் கணக்குல போடும், சிலது பேஸ், அதாவது அசல் மருந்து கணக்குல போடும், ரெண்டு பிராண்டு பக்கத்துல பக்கத்துல இருக்கிற ரேக்ல இது தலைவலி. இதுக்கு அரை மார்க் குறைக்கலாம்னு நெனச்சேன், அப்புறம் மருந்து என்ன பாவம் பண்ணுச்சுன்னு விட்டுட்டேன்.

இதோட பழைய வேலைகளைக் கேட்டா மலைச்சுப் போவீங்க. கீமோதெரபிக்கு முன்னாடி வாந்தி வராம இருக்க, மூளையில கட்டி இருந்து அதைச் சுத்தி வீங்கினா அதை வத்த வைக்க, குழந்தைங்களுக்கு குரைக்கிற மாதிரி இருமல் வர்ற க்ரூப்ங்கிற நோய்க்கு, உயரமான மலையில ஏறி மூளை வீங்கிப்போனா, எல்லாத்துக்கும் இதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச உபயோகம் குறைமாசப் பிரசவத்துல. குழந்தை சீக்கிரமே பொறந்துடும்னு தெரிஞ்சா அம்மாவுக்கு இந்த ஊசி போடுவாங்க, உள்ள இருக்கிற குழந்தையோட நுரையீரல் வேகமா முதிர்ந்துடும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆஸ்பத்திரிகள்ல இதை ட்ரையல் பண்ணி 2020-ல முடிவு வெளியிட்டாங்க, பச்சைக்குழந்தை இறப்பு 23.5 சதவீதத்துல இருந்து 19.6-க்கு இறங்குச்சு. அதாவது நுரையீரலுக்கும் இந்த மருந்துக்கும் உறவு புதுசு இல்ல. வைரஸ் நிமோனியாவுக்குதான் இதை எடுக்கவே பயந்தாங்க.

பயந்ததுக்கு நியாயமான காரணமும் இருந்துச்சு, அதையும் சொல்லணும், ஏன்னா இப்போ திரும்பிப் பாத்து முன்னாடியே குடுத்திருக்கலாமேன்னு சொல்றவங்க நெறைய. டெக்ஸா ஸ்டீராய்டு இனம், ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும், வைரஸ் ஆடிக்கிட்டு இருக்கும்போது காவலுக்கு இருக்கிறவங்களை தூங்க வச்சா என்ன ஆகும்? 2003 சார்ஸ் சமயத்துல எக்கச்சக்கமா ஸ்டீராய்டு ஊத்தினாங்க, பொழச்சு வந்தவங்கள்ல பல பேருக்கு இடுப்பு எலும்பு ரத்த ஓட்டம் இல்லாம செத்துப்போய் நடக்கவே கஷ்டப்பட்டாங்க. மெர்ஸ்னு இன்னொரு கொரோனா வைரஸ் நோய், அது வந்தவங்கள்ல பாத்தப்போ ஸ்டீராய்டு குடுத்தவங்க உடம்புல இருந்து வைரஸ் வெளிய போக லேட் ஆச்சு. ஃப்ளூவுலயும் குடுத்தவங்கதான் அதிகமா இறந்த மாதிரி கணக்கு வந்துச்சு. அதனால 2020 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம் குடுத்த முதல் வழிகாட்டுதல்லயே, ட்ரையலுக்கு வெளிய வழக்கமா ஸ்டீராய்டு குடுக்காதீங்கன்னுதான் இருந்துச்சு.

ஆனா அந்த பழைய கணக்கு எல்லாத்துலயும் ஒரே ஓட்டை. யாருக்கு ஸ்டீராய்டு குடுக்கிறதுன்னு டாக்டர்தான் முடிவு பண்ணாரு, டாக்டர் யாருக்கு குடுப்பாரு, கைமீறிப் போனவங்களுக்குதான் குடுப்பாரு, அப்புறம் ஸ்டீராய்டு வாங்கினவங்க அதிகமா செத்தாங்கன்னு எழுதினா அது மருந்தோட குத்தமா, நோயோட குத்தமா? சீட்டு குலுக்கிப் போட்டு யாருக்கு மருந்து யாருக்கு இல்லன்னு பிரிச்சாத்தான் இதுக்கு விடை கிடைக்கும்.

அந்த சீட்டு குலுக்கலைப் பெரிய அளவுல பண்ணதுதான் பிரிட்டன்ல நடந்த ரெகவரி ட்ரையல், ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே ரெண்டு பேர் தலைமையில. 2020 மார்ச்ல ஆரம்பிச்சு அங்க இருக்கிற அரசு ஆஸ்பத்திரிகள்ல 170-க்கும் மேல சேத்துக்கிட்டாங்க. ஐசியூவுல ஓடிக்கிட்டு இருக்கிற நர்ஸுங்களுக்கும் டாக்டருங்களுக்கும் ஏத்த மாதிரி பேப்பர் வேலையை ரொம்பக் குறைச்சு, ஒரு படிவம் சேக்கும்போது, ஒண்ணு முடிவுல, அவ்வளவுதான்னு வச்சாங்க, எனக்கு இந்த ட்ரையல்ல பிடிச்சதே இந்த எளிமைதான். டெக்ஸா பக்கம் 2104 பேர், வழக்கமான சிகிச்சை மட்டும் 4321 பேர். டோஸ் தினம் 6 மில்லிகிராம், பத்து நாள் வரைக்கும், அதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் ஆனா அன்னிக்கே நிறுத்திடணும்.

2020 ஜூன் 16-ம் தேதி முடிவு வெளிய வந்துச்சு. வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல 28 நாளுக்குள்ள இறந்தவங்க வழக்கமான சிகிச்சையில 41.4 சதவீதம், டெக்ஸா குடுத்தவங்கள்ல 29.3 சதவீதம். ஆக்சிஜன்ல மட்டும் இருந்தவங்கள்ல 26.2-ல இருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவங்கள்ல? 14.0-ல இருந்து 17.8-க்கு ஏறுச்சு. கடைசியா சொன்ன இந்த ஏத்தத்தை தற்செயலாவும் இருக்கலாம்னு புள்ளிவிவரக்காரங்க சொல்வாங்க, சரி, ஆனா நன்மை பக்கம் சாயவே இல்லங்கிறது மட்டும் தெளிவு. அவங்களே சொன்ன கணக்குப்படி வென்டிலேட்டர்ல இருக்கிற சுமார் 8 பேருக்கு குடுத்தா ஒரு உயிர் மிஞ்சும், ஆக்சிஜன்ல இருக்கிறவங்கள்ல சுமார் 25 பேருக்கு குடுத்தா ஒண்ணு. ஐசியூ மருந்துகள்ல எட்டுக்கு ஒண்ணுங்கிறது எவ்வளவு அபூர்வம்னு அங்க வேலை பாக்குறவங்களைக் கேட்டுப் பாருங்க, கோடி கோடியா செலவு பண்ணி வந்த எத்தனையோ புது மருந்து இந்த வார்டுக்குள்ள வந்து ஒண்ணும் கழட்டல.

அன்னிக்கே பிரிட்டன்ல எல்லா ஆஸ்பத்திரியிலயும் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. மருந்து ஏற்கனவே அலமாரியில இருந்துச்சு பாருங்க, புதுசா ஃபேக்டரி கட்ட வேணாம், லைசன்ஸுக்கு காத்திருக்க வேணாம், நர்ஸுக்கு எப்படிப் போடணும்னு சொல்லிக் குடுக்க வேணாம். பழைய மருந்துக்குப் புது வேலை குடுக்கிறதுல இருக்கிற மொத்த சுகமும் இதுதான், பக்கவிளைவு லிஸ்ட் அறுபது வருஷமா எழுதி எழுதி தயாரா இருக்கு, ஆச்சரியம் ஒண்ணும் பாக்கி இல்ல. அடுத்த வருஷம் மார்ச்ல இங்கிலாந்து சுகாதார சேவை ஒரு கணக்கு சொன்னாங்க, பிரிட்டன்ல சுமார் 22 ஆயிரம் உயிர், உலகம் முழுக்க பத்து லட்சம் உயிர் இதால காப்பாத்தப்பட்டிருக்கும்னு. மதிப்பீடுதான், தலையை எண்ணிப் பாத்ததில்ல, ஆனாலும் அதுல பாதின்னு வச்சுக்கிட்டாலும் இந்தக் குட்டி மாத்திரைக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம் உலக சுகாதார நிறுவனம் ஏழு ஸ்டீராய்டு ட்ரையல்களைச் சேத்துப் பாத்தாங்க, ரொம்ப மோசமான நிலையில இருந்த 1703 பேர், இறப்பு ஸ்டீராய்டு இல்லாதவங்கள்ல 41.5 சதவீதம், குடுத்தவங்கள்ல 32.7. அதே 2020 செப்டம்பர்ல வழிகாட்டுதலையும் மாத்திட்டாங்க: தீவிரமா இருந்தா குடுங்க, தீவிரமா இல்லன்னா குடுக்காதீங்க. ரெண்டாவது பாதியைத்தான் உலகத்துல பாதிப் பேர் படிக்கவே இல்ல.

இப்போ ஏன் இப்படி மூணு ரேட்டிங்னு பாப்போம். கோவிட்ல வைரஸ் பெருகுறது அறிகுறி தொடங்குற சமயத்துலதான் உச்சத்துல இருக்கும், அப்புறம் குறைய ஆரம்பிச்சுடும். மூச்சுத்திணறல் வர்றது பெரும்பாலும் ரெண்டாவது வாரத்துல. அப்போ நுரையீரலைக் கெடுக்கிறது வைரஸைவிட அதை விரட்ட வந்த நம்ம ஆளுங்கதான், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. ஐஎல்-6 மாதிரி சைட்டோகைன்கள் (வீக்கத்தைக் கிளப்பச் சொல்லி செல்கள் அனுப்புற சிக்னல் புரதங்கள்) ரத்தத்துல ஏறிக்கிட்டே போகும், காத்துப் பைகளைச் சுத்தி இருக்கிற சின்ன ரத்தக்குழாய் எல்லாம் கசிய ஆரம்பிக்கும், காத்து இருக்க வேண்டிய பைகள்ல புரதம் கலந்த தண்ணி நெரம்பிடும், ஆக்சிஜன் உள்ள வந்தாலும் ரத்தத்துக்குத் தாண்டிப் போக முடியாது. ஏஆர்டிஎஸ்னு சொல்றது இதைத்தான். டெக்ஸா செல்லுக்குள்ள போய் ஒரு ரிசெப்டரைப் பிடிச்சுக்கிட்டு நியூக்ளியஸுக்குள்ள நுழைஞ்சு, வீக்கத்தைக் கிளப்புற ஜீன்களைத் தட்டி எழுப்புற என்எஃப் கப்பா பி மாதிரி ஆளுங்களை அடக்கிடும், ஒரு சைட்டோகைன்னு இல்ல, பலதும் ஒரே நேரத்துல இறங்கும். ஜீன் வழியா வேலை செய்யுறதால ஊசி போட்ட உடனே மானிட்டர்ல நம்பர் ஏறாது, சொந்தக்காரங்க வெளிய நின்னுக்கிட்டு இன்னும் ஏறலையேன்னு கேப்பாங்க, மணிக்கணக்கு ஆகும், சில பேருக்கு நாள்கணக்கு.

அதே மருந்தை முதல் வாரத்துல குடுத்தா? அப்போ உண்மையிலேயே வைரஸ்தான் எதிரி, எதிர்ப்பு சக்தி வேலை செய்ய வேண்டிய நேரம், அப்போ போய் அதைக் கட்டிப்போட்டா யாருக்கு லாபம். ரெகவரியிலயும் அறிகுறி தொடங்கி ஏழு நாளுக்கு மேல ஆனவங்களுக்குதான் பலன் தெரிஞ்சது. அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளோட பதிவுகளைப் பாத்தப்பவும் ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு குடுத்ததுல இறப்பு கூடத்தான் தெரிஞ்சது. சரி, வீட்டுல இருக்கிறவங்களுக்கு எப்போ இதைப் பத்தி யோசிக்கணும்னு கேட்டா, விரல்ல மாட்டுற மெஷின்ல நம்பர் இறங்கினா யோசிக்க வேண்டியது ஆஸ்பத்திரியைப் பத்தி, மாத்திரையைப் பத்தி இல்ல.

டோஸ் பத்தி ஒரு சண்டை ரொம்ப நாள் ஓடுச்சு. 6 மில்லிகிராம் போதுமா, இன்னும் ஏத்தலாமான்னு. கோவிட் வர்றதுக்கு முன்னாடியே ஸ்பெயின்ல வேற வேற காரணத்தால ஏஆர்டிஎஸ் வந்த 277 பேரை வச்சு ஒரு ட்ரையல் பண்ணியிருந்தாங்க, அஞ்சு நாள் 20 மில்லிகிராம், அடுத்த அஞ்சு நாள் 10, அதுல 60 நாள் இறப்பு 36 சதவீதத்துல இருந்து 21-க்கு வந்துச்சு. பிரேசில்ல அதே டோஸை கோவிட் நோயாளிங்களுக்கு போட்டுப் பாத்தாங்க, முதல் 28 நாள்ல வென்டிலேட்டர் இல்லாம உயிரோட இருந்த நாள் சராசரி 4.0-ல இருந்து 6.6 ஆச்சு. இதைப் பாத்துட்டு அதிகமா குடுத்தா அதிகமா நல்லதுன்னு ஒரு கோஷ்டி. ஐரோப்பாவுலயும் இந்தியாவுலயும் சேத்து 12-ஐயும் 6-ஐயும் நேருக்கு நேர் மோத விட்டாங்க, 12 பக்கம் கொஞ்சம் சாயுற மாதிரி இருந்துச்சு, ஆனா அடிச்சுச் சொல்ற அளவுக்கு இல்ல. கடைசியில ரெகவரி டீமே, வென்டிலேட்டர் போகாம சாதாரண ஆக்சிஜன்ல இருக்கிறவங்களுக்கும் ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கும் 20 மில்லிகிராம்ல ஆரம்பிக்கிற பெரிய டோஸைக் குடுத்துப் பாத்தாங்க, 2023-ல வந்த முடிவு: வழக்கமான டோஸ்ல 12 சதவீதம் இறப்பு, பெரிய டோஸ்ல 19. அதோட அந்த வாதம் எனக்கு முடிஞ்சு போச்சு. மூச்சு முட்டல் லேசா இருக்கிறவங்களுக்கு டோஸை ஏத்தினா காப்பாத்தல, கொல்லுது.

இப்போ குறைகள். சின்னதுல இருந்து வரேன். ஊசியை வேகமா உள்ள தள்ளினா தொடை இடுக்குல, அந்தரங்க இடத்துல திடீர்னு எரிச்சலும் அரிப்பும் வரும், சில நொடியில போயிடும், ஆனா முன்கூட்டி சொல்லாம போட்டா நோயாளி அலறிடுவாங்க, கலந்து மெதுவா போட்டா இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்ல. விக்கல், ஆமா விக்கல்தான், டெக்ஸா குடுத்த சில ஆம்பளைங்களுக்கு நாள் முழுக்க நிக்காது. தூக்கம் சுத்தமா போயிடும், அதனால காலையில குடுக்கிறது உத்தமம், ராத்திரி டோஸ் போட்டுட்டு ஏன் தூங்க மாட்டேங்குறாருன்னு தூக்க மாத்திரை எழுதுறதைப் பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும். வயசானவங்களுக்கு குழப்பம், எரிச்சல், சில பேருக்கு என்னமோ உலகத்தையே ஜெயிச்ச மாதிரி ஒரு குஷி. ரொம்ப நாள் போனா தசை கரையும், எலும்பு மெலியும், பத்து நாள் கோர்ஸுக்கு அந்த அளவு கவலை இல்ல, நிறுத்தும்போது படிப்படியா குறைக்க வேண்டிய அவசியமும் பொதுவா வராது.

பெரிய குறை சுகர். சர்க்கரை வியாதி இல்லாதவங்களுக்கே ஏத்தி விடும், இருக்கிறவங்களுக்கு நானூறு ஐநூறுன்னு போகும். இது தெரிஞ்ச விஷயம்தான், ஸ்டீராய்டு எழுதுற கையாலேயே சுகர் செக்கும் இன்சுலினும் எழுதணும். அதை எழுதாம விட்டா என்ன ஆகும்னு 2021-ல இந்தியாவுல பாத்தோம். ரெண்டாவது அலையில ஸ்டீராய்டு மிட்டாய் மாதிரி ஓடுச்சு, காய்ச்சல் வந்த ரெண்டாம் நாளே ஆரம்பிச்சவங்க, நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாம வாரக்கணக்கா முழுங்கினவங்க, வாட்ஸ்அப்ல வந்த மருந்துச்சீட்டைக் காட்டி வாங்கினவங்க. இவ்வளவு சுகர், கூடவே அடங்கிப்போன எதிர்ப்பு சக்தி, பூஞ்சைக்கு இதைவிட வேற என்ன வேணும், மியூக்கர்மைகோசிஸ், அதான் கருப்புப் பூஞ்சைன்னு சொன்னாங்களே அது மூக்குல ஆரம்பிச்சு கண்ணுக்கும் மூளைக்கும் போச்சு. அந்த ஜூலைக்குள்ள நாடு முழுக்க 40 ஆயிரத்துக்கும் மேல கேஸ். கண்ணை எடுத்துதான் உயிரைக் காப்பாத்தணும்னு ஆனவங்க எத்தனையோ பேர். ஸ்டீராய்டு மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், கட்டுப்பாட்டுல இல்லாத சர்க்கரை வியாதி ஏற்கனவே நம்ம ஊர்ல கிடந்துச்சு, கோவிட்டே சுகரைக் கெடுக்கும், ஆனா தேவையில்லாத ஸ்டீராய்டு அதுக்கு நல்லா தீனி போட்டுச்சு. வென்டிலேட்டர் வார்டுல அஞ்சு ஸ்டார் வாங்கின அதே பொருள்தான் இது.

இன்னொண்ணு, பெரும்பாலான பேருக்குத் தெரியாது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு குடல் புழு, வெப்ப நாடுகள்ல மண்ணுல இருந்து கால் வழியா உடம்புக்குள்ள போகும், வருஷக்கணக்கா எந்தத் தொந்தரவும் இல்லாம உள்ளயே குடித்தனம் பண்ணும். ஸ்டீராய்டு போனதும் அடக்க ஆளில்லாம ஏகத்துக்கும் பெருகி நுரையீரல் வரைக்கும் பரவி, ஆளையே காலி பண்ணிடலாம். அதனாலதான் அந்தப் புழு இருக்கிற பகுதி ஆளுங்களுக்கு டெக்ஸா ஆரம்பிக்கும்போது ஐவர்மெக்டின் குடுக்கிறதைப் பத்தி யோசிக்கச் சொல்றாங்க. கவனிங்க, இங்க ஐவர்மெக்டின் புழுவுக்கு, கோவிட்டுக்கு இல்ல, அந்தச் சண்டையை திரும்ப ஆரம்பிக்காதீங்க.

இதே அலமாரியில இருக்கிற மத்த சரக்கையும் சொல்லிடுறேன். டெக்ஸா கிடைக்கலன்னா அதே குடும்பத்துல ஹைட்ரோகார்டிசோன், ப்ரெட்னிசோலோன், மீத்தைல் ப்ரெட்னிசோலோன் இருக்கு, 6 மில்லிகிராம் டெக்ஸாவுக்கு ப்ரெட்னிசோலோன் 40, மீத்தைல் ப்ரெட்னிசோலோன் 32, ஹைட்ரோகார்டிசோன் 160, கணக்கு அவ்வளவுதான். கர்ப்பிணிகளுக்கு ரெகவரியிலேயே டெக்ஸாவுக்கு பதிலா ப்ரெட்னிசோலோனோ ஹைட்ரோகார்டிசோனோதான் குடுத்தாங்க, ஏன்னா டெக்ஸா நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்கு நல்லாவே போகும். மேல சொன்ன குறைமாசக் குழந்தைக்கு அந்தத் தாண்டுற குணமேதான் வேணும்கிறது வேற விஷயம்.

வேற ஹார்மோன்களையும் விட்டு வைக்கல. கோவிட் ஆம்பளைங்களை அதிகமா கொல்லுதேன்னு ஆண் ஹார்மோனை அடக்குற டெகரெலிக்ஸை அமெரிக்காவுல போட்டுப் பாத்தாங்க, பலன் இல்ல. விஐபின்னு குடல்ல இருக்கிற ஹார்மோனோட செயற்கை வடிவம் அவிப்டடில், நுரையீரலைப் பாதுகாக்கும்னு பெரிய பேச்சு அடிபட்டுச்சு, நல்ல ட்ரையல் வந்ததும் அடங்கிப்போச்சு. தைராய்டு ஹார்மோனை நேரா நுரையீரலுக்குள்ளயே விட்டா காத்துப் பையில இருக்கிற தண்ணியை வெளிய இறைக்கும்னு ஒரு யோசனை, மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல அதை மனுஷங்ககிட்ட சோதிச்சுக்கிட்டு இருந்தாங்க, எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிச்சிருக்கு, வீக்கத்தை அடக்குறதோட நிக்காம தண்ணியை இறைக்கிற வேலையைப் பாக்குதே. ஆனா யோசனைக்கு நான் ஸ்டார் போடுறதில்ல.

டெக்ஸாவுக்கு மேல ஏத்துறதுக்கு ஏதாவது இருக்கான்னா இருக்கு. ஐஎல்-6-ஐ மட்டும் குறிவச்சு அடிக்கிற டோசிலிசுமாப், ரெகவரியிலேயே பெரும்பாலான பேருக்கு ஸ்டீராய்டோட சேத்து குடுத்தப்போ இறப்பு 35 சதவீதத்துல இருந்து 31-க்கு இறங்குச்சு. ஆனா அது விலைக்கும் சப்ளைக்கும் அலைய விட்ட மருந்து, டெக்ஸா மாதிரி எங்க கேட்டாலும் கிடைக்கிற சாமான் இல்ல.

கோவிட்டைத் தாண்டி மத்த நிமோனியாவுக்கும் இது ஆகுமான்னு இப்போ எல்லாரும் கேக்குறாங்க. ஐசியூ வரைக்கும் போற கடுமையான நிமோனியாவுக்கு ஃப்ரான்ஸ்ல ஹைட்ரோகார்டிசோன் தினம் 200 மில்லிகிராம் குடுத்துப் பாத்ததுல, 2023-ல வந்த முடிவு, 28 நாள் இறப்பு 11.9-ல இருந்து 6.2. ஆனா அதுல ஃப்ளூ நோயாளிங்களை வேணும்னே சேக்கல. ஃப்ளூவுக்கு இருக்கிறது பெரும்பாலும் அந்த ஓட்டை விழுந்த பழைய கணக்குதான், ஸ்டீராய்டு வாங்கினவங்க அதிகமா இறந்தாங்கன்னு சொல்ற கணக்கு. கோவிட்டுக்கும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அதுக்காக ஃப்ளூவுலயும் அதே மாதிரி திரும்பும்னு நாமளே எழுதிக்கக் கூடாது, அது வேற வைரஸ், அதோட வேகம் வேற, எந்த நாள்ல வைரஸ் போய் எந்த நாள்ல வீக்கம் வருதுங்கிறதும் வேற. ரெகவரி டீம் ஃப்ளூ நிமோனியாவுக்கும் சீட்டு குலுக்கி டெக்ஸாவைப் போட்டுப் பாக்குற வேலையை எடுத்திருக்காங்க. ஃப்ளூ வந்தவங்க வீட்டுல இருந்து யாராவது கோவிட்டப்போ மிஞ்சின ஸ்ட்ரிப் இருக்கு போடலாமான்னு கேட்டா என்கிட்ட ஒரே பதில்தான்: எக்ஸ்பைரி தேதியைக் கூடப் பாக்க வேணாம், தூக்கிப் போடுங்க.